பக் குட்டி வாங்கப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பக் (Pug) என்ற தட்டை முக நாய் இனத்தில் குட்டி வாங்க நினைக்கிறவர்களும், வாங்கிவந்து முதல் வாரத்திலேயே திணறுகிறவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்து எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். மூச்சு, கண், வெயில் மூன்றையும் நான் சுருக்கிச் சொல்லவில்லை, ஏனென்றால் இந்த நாய்க்கு வரும் பெரிய துன்பங்கள் பலவும் இந்த மூன்று வழியாகத்தான் வருகின்றன. நாளைக்கே குட்டி பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்றால் முதல் நான்கு கேள்விகளையாவது படித்துவிட்டுப் போங்கள்.

பக் எங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா?

வீட்டில் பெரும்பாலும் யாராவது இருப்பீர்கள், போகிற இடமெல்லாம் ஒரு நாய் பின்னாலேயே வந்தால் உங்களுக்குப் பிடிக்கும், துணியிலும் சோபாவிலும் முடி ஒட்டியிருந்தால் கோபம் வராது என்றால் தாராளமாக ஒத்துவரும். காவலுக்கோ வேட்டைக்கோ உருவாக்கிய இனம் இல்லை இது. சீன அரண்மனைகளில் மடியில் வளர்ந்த நாய். மனிதரோடு ஒட்டிக்கொண்டு இருப்பதுதான் அதன் வேலை. வளர்ந்த பிறகும் 6 முதல் 8 கிலோதான் எடை, அதனால் சின்ன வீடே போதும். ஆனால் நாள் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்றாலோ, உங்களோடு ஓடவும் மலையேறவும் ஒரு துணை வேண்டும் என்றாலோ தயவுசெய்து வேறு இனம் பாருங்கள். கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வழியில்லை என்றாலும் என் பதில் அதேதான்.

தட்டை முகத்தால் நிஜமாகவே பிரச்சினை வருமா, இல்லை பெரிதுபடுத்துகிறார்களா?

வரும், பெரிதுபடுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக முகம் தட்டையான நாய்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில் மண்டை எலும்பு குட்டையாகிவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறையவில்லை. பெரிய வீட்டுச் சாமானையெல்லாம் சின்ன வீட்டுக்குள் திணித்த கதைதான். மூக்குத் துவாரம் குறுகிவிடுகிறது, மேலண்ணத்தின் மென்சதை நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது, நாக்கு வாய்க்குள் அடங்காமல் தடித்துக் கிடக்கிறது, சில நாய்களுக்கு மூச்சுக்குழாயே சிறுத்திருக்கும். இப்படி ஒவ்வொரு மூச்சையும் பலமாக இழுத்து இழுத்து, வருடங்கள் போகப்போக குரல்வளைச் சதையும் வீங்கி வழியை இன்னும் அடைக்கிறது.

லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரி பிரிட்டனில் உள்ள நாய்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோய் பதிவாகும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட பக் நாய்க்கு ஏறக்குறைய 2 மடங்கு, மேலே சொன்ன மூச்சுத்தடை நோய்க்கு மட்டும் 50 மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. நெதர்லாந்தில் மூக்குப் பகுதியின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாய்களை வைத்து இனப்பெருக்கம் செய்வதையே 2019இல் தடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பக் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது சரியான முடிவுதான். இல்லை, எனக்குப் பக்தான் வேண்டும் என்றால், ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எல்லா பக் நாய்க்கும் மூச்சு ஒரே மாதிரி இருப்பதில்லை. நன்றாக மூச்சுவிடும் பெற்றோருக்குப் பிறந்த, திறந்த மூக்குள்ள குட்டியைத் தேடிப் பிடிப்பதுதான் வாங்குகிறவர் செய்யக்கூடிய மிகப்பெரிய வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

குட்டி பார்க்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பது?

தாயை. குட்டிகள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், அதில் மயங்கிவிட வேண்டாம். தாய் நாய் அறைக்குள் நாலு நடை நடந்துவிட்டு வந்து நிற்கும்போது வாயை மூடியபடி சத்தமில்லாமல் மூச்சுவிடுகிறதா, இல்லை தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்து வயிறு உள்வாங்கி உள்வாங்கிப் போகிறதா என்று கவனியுங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்று சொல்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள். தாய் வேறு இடத்தில் இருக்கிறது, உடம்பு சரியில்லை, இப்போதுதான் வெளியே கூட்டிப்போனார்கள் என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி.

அடுத்தது குட்டியின் மூக்கு. அது விளையாடி முடித்த கையோடு எடுத்து, உங்கள் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். நல்ல மூக்கு என்றால் இரண்டு துவாரமும் கறுப்பு வட்டமாகத் தெரியும், உள்ளே கொஞ்சம் இடைவெளியும் இருக்கும். மோசமான மூக்கு என்றால் பேனாவால் கிழித்த ஒற்றைக் கோடு மட்டும்தான் தெரியும், மூச்சை உள்ளே இழுக்கும்போது பக்கச் சதை நடுவில் ஒட்டி அந்தக் கோடும் மூடிக்கொள்ளும், உடனே குட்டி வாயைத் திறக்கும். ஒருமுறை இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்தப் பக் நாயைப் பார்த்தாலும் உங்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

அதோடு கண் தெளிவாக, நீர் வடியாமல் இருக்கிறதா, மூக்கு மேல் மடிப்பு கண்ணில் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பு குறைவாக, முகம் கொஞ்சம் நீண்டிருக்கும் குட்டிதான் என் கணக்கில் நல்ல குட்டி, கண்காட்சிக்குப் போகிறவர்கள் என்ன சொன்னாலும். நடை நேராக இருக்க வேண்டும்; பின்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்தால் முட்டிச்சில்லு விலகுகிறது என்று சந்தேகப்படலாம்.

குட்டியைத் தருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பெற்றோருக்கு மூச்சுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019இல் இதற்கென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தன. நாய் ஓய்வாக இருக்கும்போது டாக்டர் ஸ்டெத்தஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்பார், பிறகு 3 நிமிடம் துள்ளுநடையாக நடக்கவைத்து மறுபடியும் கேட்பார், 0 முதல் 3 வரை தரம் கொடுப்பார். 0 என்றால் தொந்தரவு இல்லை. 3 வாங்கிய நாயை இனப்பெருக்கத்துக்கே விடக்கூடாது. ஒரு வயது நிரம்பிய நாய்க்குத்தான் இந்தச் சோதனை, அதனால் குட்டிக்குச் சான்று கேட்காதீர்கள், பெற்றோருக்குக் கேளுங்கள். இந்த முறைச் சோதனை அவர்கள் பக்கம் கிடைக்கவில்லை என்றால், ஒரு கால்நடை மருத்துவர் நடக்கவிட்டு மூச்சைக் கேட்டு எழுதித் தந்த சீட்டாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

முதுகெலும்பு எக்ஸ்ரேயும் கேட்கலாம். சுருட்டை வால் உள்ள இனங்களில் முதுகெலும்புக் கண்ணி சரியாக உருவாகாமல் ஆப்பு வடிவில் போய்விடுவது உண்டு, அது தண்டுவடத்தை அழுத்தினால் பின்கால் தள்ளாடும். மூளை வீக்க நோய் ஒன்று, பக் நாய்க்கே உரியது போல இந்த இனத்தில் அதிகம் வரும். வலிப்பில் தொடங்கி உயிரை வாங்கிவிடும். அதற்கான மரபணுச் சோதனை உண்டு, அது ஆபத்து கூடுதலா குறைவா என்று காட்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவர், உங்களிடமும் திருப்பி நாலு கேள்வி கேட்கிறவர் கிடைத்தால், குட்டி பிறக்கும்வரை காத்திருந்தாவது அவரிடம் வாங்குங்கள்.

எத்தனை வாரத்தில் எடுத்துவரலாம்?

8 வாரத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதையே குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது.

கறுப்பா, வெளிர்பழுப்பா? ஆணா, பெண்ணா?

எதுவானாலும் சரி. குணம் குட்டிக்குக் குட்டி மாறும், நிறத்தாலும் பாலினத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாம்பல் திட்டு போட்ட மெர்ல் நிறத்தை அபூர்வம் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். அந்த நிறம் பக் இனத்தில் இயற்கையாக இல்லை, எங்கோ கலப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் சில நாள் ராத்திரியெல்லாம் அழுகிறது, என்ன செய்வது?

தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு வந்திருக்கிறது, அழத்தான் செய்யும். அதன் கூண்டையோ படுக்கையையோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், கையைத் தொங்கவிட்டால் மோந்து பார்க்கிற தூரத்தில். தாயின் வாசனை ஏறிய துணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து உள்ளே போட்டால் உதவும். வேறு அறையில் அடைத்துவிட்டு அழுது அடங்கட்டும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பக் தனிமையைத் தாங்காத நாய், அந்தப் பயம் பிறகு பிரிவுப் பதற்றமாக வளரும். பகலில் 5 நிமிடம், 10 நிமிடம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே இருக்கப் பழக்குங்கள்.

சாப்பாடு எப்படி, எத்தனை வேளை?

4 மாதம் வரை 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அப்புறம் 2 வேளை. குட்டிகளுக்கென்று தயாரித்த, சத்து முழுமையான உணவு. முன்பு இருந்த இடத்தில் என்ன தந்தார்களோ அதையே முதலில் தொடருங்கள், மாற்றுவதென்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குதான். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தட்டையான முகத்துக்கு ஆழமான கிண்ணம் சரிப்படாது, அகலமான ஆழமில்லாத தட்டு வையுங்கள். அவசரமாக விழுங்கி, காற்றையும் சேர்த்து விழுங்கி, உடனே அப்படியே கக்கிவிடும் குட்டிகள் நிறைய; அவற்றுக்கு உள்ளே மேடு பள்ளம் வைத்த தட்டு நல்ல பலன் தரும்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மது, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் எதுவும் வாயில் போகக்கூடாது. மனிதருக்கான வலி மாத்திரையும் அப்படித்தான்.

குண்டாக இருந்தால்தானே பக் அழகு?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தால் எத்தனை நாய்கள் சிரமப்படுகின்றன என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை, தொண்டையைச் சுற்றியும் சேர்கிறது, ஏற்கெனவே குறுகிய வழி இன்னும் குறுகுகிறது. பக் எப்போதும் பசிக்கிறது என்றுதான் சொல்லும், அந்த முகத்தை நம்பி அளவு வைக்கக்கூடாது. விலாவை லேசாகத் தடவினால் எலும்பு கையில் படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரியவேண்டும். பயிற்சிக்குத் தரும் தின்பண்டத்தையும் நாள் கணக்கில் சேருங்கள், அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவேண்டாம். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பதுதான் வழக்கமான காரணம். காலையில் ஒரு டப்பாவில் அளந்து வைத்துவிட்டு யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாதா?

தரையில் விடத்தான் கூடாது. 6 முதல் 8 வார வயதில் தொடங்கி 2 முதல் 4 வார இடைவெளியில் ஊசி போடுவார்கள், கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழவேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி சில வாரம் ஊசியை வேலைசெய்ய விடாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டுப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து குட்டியை இழக்கிற வீடுகள் உண்டு. ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து இரண்டையும் டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல் போடுங்கள்.

ஆனால் 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தை நம்பக் கற்றுக்கொள்கிற காலம், அதை வீட்டுக்குள்ளேயே கழித்தால் பின்னால் எதைப் பார்த்தாலும் மிரளும். தூக்கிக்கொண்டு போங்கள். வண்டிச் சத்தம், குடை, தாடி வைத்தவர், சைக்கிள், குழந்தைகள் எல்லாம் உங்கள் கையிலிருந்தபடியே பார்க்கட்டும்.

முகச் சுருக்கத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

மூக்குக்கு மேலே இருக்கும் தடித்த மடிப்பை விரலால் மெதுவாக உயர்த்தி, ஈரத் துணியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடையுங்கள். பழுப்பாக, புளித்த நாற்றத்தோடு அழுக்கு வரும். அதோடு நிறுத்தாதீர்கள், காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பதுதான் முக்கியம், ஈரம் தங்கினால்தான் கிருமி வளரும். தினமும் செய்வது நல்லது. வாசனைத் துடைப்புத்தாளும் பவுடரும் வேண்டாம். உள்ளே சிவந்தோ கசிந்தோ இருந்தால் டாக்டர். குட்டியாக இருக்கும்போதே தினமும் செய்து பழக்கினால் பெரிதானதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது, நகம் வெட்டுவதற்கும் பல் தேய்ப்பதற்கும் இதேதான்.

ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாமா?

வேண்டாம், இன்றைக்கே. பக் நாயின் கண்குழி ஆழமில்லாதது, கண் வெளியே துருத்தி நிற்கிறது, இமை முழுசாக மூடாத நாய்களும் உண்டு. செடியில் உரசினாலோ பூனை நகம் பட்டாலோ கருவிழியில் புண் வந்துவிடும், அது வேகமாக ஆழமாகிப் பார்வையையே எடுத்துவிடலாம். கண்ணைச் சுருக்குவது, நீர் வடிவது, முன்காலால் தேய்ப்பது, கருவிழி நீலமாகவோ வெள்ளையாகவோ மங்குவது இதில் எது தெரிந்தாலும் கிளம்புங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டுமருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் மோசமாகும்.

இன்னொன்று, பிடரியைப் பிடித்து ஒருபோதும் தூக்கக்கூடாது. இழுபடும் தோலில் கண் குழியை விட்டு வெளியே பிதுங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அப்படி நடந்துவிட்டால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத் துணியால் மூடிக்கொண்டு உடனே ஓடவேண்டும்.

வெயில் காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நாய்க்கு முக்கியமாக மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூடு தணியவேண்டும், அந்த மூச்சுவழியே குறுகியிருப்பதால் பக் நாய்க்குச் சூடு தணிய நேரமாகும். வெயில் தாழ்ந்த நேரத்தில், அதுவும் சின்ன நடைதான். தரையில் உங்கள் புறங்கையைச் சில நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வைக்கக்கூடாது. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூட விட்டுப்போகாதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனாலும் உள்ளே வேகும்.

நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் சொச்சம். மூச்சிரைப்பு ஓய்வெடுத்தும் அடங்கவில்லை, எச்சில் கெட்டியாக நூல்நூலாக வருகிறது, நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறுகிறது, கால் தள்ளாடுகிறது என்றால் வெப்ப அதிர்ச்சி. முதலில் குளிரவையுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த வரிசை முக்கியம். நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே காற்று படும்படி விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்திவைத்தால் சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரை வலிந்து ஊற்றக்கூடாது. எழுந்து நின்றுவிட்டாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுதான் தெரியும்.

கழுத்துப் பட்டையா, ஹார்னஸா?

ஹார்னஸ்தான், அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் வார். கழுத்துப் பட்டையை இழுத்தால் மூச்சும் இறுகும், கண்ணிலும் அழுத்தம் ஏறும். பெயர்த்தகடு மாட்ட மட்டும் தளர்வாக ஒரு பட்டை இருக்கட்டும்.

திடீரென்று நின்று கொர்ர்… கொர்ர்… என்று மூக்கால் உறிஞ்சுகிறது, மூச்சு நின்றுவிடுமோ?

பெரும்பாலும் அது தலைகீழ்த் தும்மல். கழுத்தை நீட்டி, முழங்கை விரிய நின்று, காற்றை மூக்குவழியே விடாமல் உள்ளிழுக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தானே அடங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடப் போய்விடும். தொண்டையை மெதுவாகத் தடவிக்கொடுத்தால் போதும். அடிக்கடி வந்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது நூறு மடங்கு மேல். ஈறு நீலமாவது, மயங்கி விழுவது, தூங்கும்போது மூச்சுத் திணறி விழித்துக்கொள்வது, உட்கார்ந்தபடியே தூங்குவது இவை தும்மல் கணக்கில் வராது. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, நீண்ட அண்ணச் சதையை வெட்டிச் சரிசெய்யும் அறுவைசிகிச்சை உண்டு, குரல்வளை கெடுவதற்கு முன்னால் செய்தால் பலன் அதிகம்.

சிறுநீர், மலம் வெளியே போக எப்போது பழகும்?

பொறுமை வேண்டும். 2 மாதக் குட்டியால் பகலில் 2, 3 மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், போனதும் அங்கேயே பாராட்டுங்கள். உள்ளே போய்விட்டால் திட்டாமல் வாசனை போகத் துடையுங்கள். அடித்தால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும்.

முடி ரொம்பக் கொட்டுமா?

கொட்டும். குட்டையான முடி, ஆனால் வருடம் முழுக்கக் கொட்டும். ரப்பர் சீப்பால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாருங்கள், மொட்டை மட்டும் அடிக்காதீர்கள்.

கருத்தடை அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தா?

மற்ற நாய்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை, அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். தட்டை முக நாய்களுக்கு ஆபத்து பெரும்பாலும் மயக்கம் தெளியும் நேரத்தில்தான், மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்டிருந்த குழாயை எடுத்ததும் தளர்ந்த சதை வழியை அடைத்துவிடும். அதனால் நன்றாக விழிக்கும்வரை குழாயை எடுக்காமல் வைத்திருப்பார்களா, ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எந்த வயதில் செய்வது என்பதைக் குட்டியை நேரில் பார்த்த டாக்டரே சொல்லட்டும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

சரக்குப் பகுதியில் அனுப்பாதீர்கள். பல விமான நிறுவனங்கள் தட்டை முக நாய்களை அங்கே ஏற்பதே இல்லை, காரணம் அதே மூச்சும் சூடும்தான்.

குட்டிதான் வேண்டுமா, வளர்ந்த பக் நாயைத் தத்தெடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், என்னைக் கேட்டால் முதன்முறை வளர்க்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். குட்டியின் மூச்சு பெரிதானபின் எப்படி இருக்கும் என்று யூகிக்கத்தான் முடியும். இரண்டு, மூன்று வயது நாய் என்றால் கண்ணெதிரே தெரிந்துவிடும். ஒரு சின்ன நடை கூட்டிப்போய்ப் பாருங்கள், திரும்பி வந்து எவ்வளவு நேரத்தில் மூச்சு அடங்குகிறது என்று கவனியுங்கள், முடிந்தால் தூங்கும்போதும் ஒருமுறை பாருங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள், கண்ணுக்கோ தோலுக்கோ மருந்து ஏதாவது போய்க்கொண்டிருந்தால் அதன் பெயர், சாப்பிட்டுவந்த உணவு, தனியே இருந்தால் என்ன செய்யும் என்பதையெல்லாம் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.